ஓரவஞ்சனை இல்லாத களிம்பு

பொம்மையார்பாளையம் நிறுத்தத்தில் பேருந்தில் ஏறிய ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். யாரென்று தெரியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னா பாப்பா, நல்லாருக்கியா?" என்றார்.

"நல்லாருக்கேங்க்கா."

என் முழியிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கொஞ்சமும் யோசிக்கவில்லை. வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, முன் இருக்கையின் கம்பியில் ஊன்றி, உள்ளங்காலை என் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினார். குதிகால் ஓரத்தில் பிறை போல ஒரு வெடிப்பு. அதிலிருந்து கிளை விட்ட மாதிரி இரண்டு சின்ன வெடிப்புகள். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கால் ஆணி.

"ஐயோ, முப்பத்தியொண்ணு!" என்று கத்திவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். நடத்துனர்தான் திரும்பிப் பார்த்து, "முப்பத்தியொண்ணா? அது எந்த ஸ்டாப்பும்மா?" என்றார்.

இரண்டு வருடம் என் வேலை அப்படி. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பாதங்களைப் பார்ப்பது, தொட்டு அளப்பது, படம் எடுப்பது, எழுதி வைப்பது. ஒரு மருத்துவக் கல்லூரியின் தோல் நோய்ப் பிரிவு நடத்திய ஆய்வு அது. உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குப் பாதம் ஏன் இப்படி வெடிக்கிறது, எந்தக் களிம்பு போட்டால் ஆறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். விலங்கியல் படித்துவிட்டுக் கீழ்புத்துப்பட்டில் வீட்டோடு இருந்த என்னைக் கள உதவியாளராக எடுத்துக்கொண்டார்கள். நேர்முகத் தேர்வில் ஆய்வுத் தலைவரான பேராசிரியை கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அடுத்தவங்க காலைத் தொடறதுல உனக்குக் கூச்சம் ஏதாவது இருக்கா?" இல்லை மேடம் என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

ஆய்வில் யாருடைய பெயரும் வரக் கூடாது என்பது விதி. ஆளுக்கு ஓர் எண். படத்தில் முகமும் வரக் கூடாது, பாதம் மட்டும். ஆகவே நாற்பது பேருடைய எண்பது பாதங்களும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. முகங்கள்தான் மனதில் நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பெரியவர் ஒருவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினேன். எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. இடது கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்கலாமா என யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். "அவ்ளோ மரியாதை வேணாம்மா, எந்திரி" என்றார் அவர். அம்மா வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

ஆய்வின் முறை இதுதான். ஒவ்வொருவருக்கும் இரண்டு டியூப். ஒன்றில் 'இடது' என்றும் மற்றதில் 'வலது' என்றும் எழுதியிருக்கும். இரண்டில் ஒன்று மருந்து கலந்தது, இன்னொன்று மருந்தில்லாத வெறும் களிம்பு. பார்க்கவும் முகரவும் ஒரே மாதிரி. யாருக்கு எந்தக் காலில் மருந்து என்பது போட்டவருக்கும் தெரியாது, கொடுத்த எனக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. கணினி குலுக்கிப் போட்ட பட்டியல் ஓர் உறையில் அரக்கு வைத்து மூடிக் கல்லூரி மருந்தகத்தில் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் திறக்க வேண்டும். தெரிந்தால் மனம் ஏமாற்றும், பார்க்கிற கண்ணும் ஏமாற்றும் என்பார் மேடம்.

முதல் நாள் உப்பளத்து ஓலைக் கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்துத் தகவல் தாளை வாசித்தேன். கல்லூரியில் தயாரித்துக் கொடுத்த தாள். வானொலியில் செய்தி வாசிப்பது போன்ற குரல் எனக்குத் தானாகவே வந்துவிட்டது. "பங்கேற்பாளர் தம் சுயவிருப்பத்தின் பேரில் இவ்வாய்வில் ஈடுபடுகிறார். பங்கேற்பாளரின் இரு பாதங்களுக்கும் வெவ்வேறு களிம்புகள் வழங்கப்படும். பங்கேற்பாளர் அவற்றை ஒன்றோடொன்று கலத்தல் கூடாது." எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஒரே ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முந்தானையை இழுத்துச் செருகி, உப்பு வாரும் பலகையைப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கும்பலுக்கு அவர்தான் எல்லாம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. பிற்பாடு பதினேழாம் எண் ஆனவர்.

"எந்தக் காலுக்கு நல்ல மருந்து பாப்பா?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"டாக்டரம்மாவுக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குதான் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்குதாங்க்கா தெரியும்."

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "பாவம், இத்தினி படிச்சும் ஒண்ணுமே தெரியல. சரி, கையெழுத்துப் போட்டுக் குடுங்கடி." நாற்பது பேரும் எங்கள் மீது இரக்கப்பட்டே ஆய்வில் சேர்ந்தார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எண் கொடுத்த மறுநாளே உப்பளத்தில் பெயர்கள் மறைந்துவிட்டன. "ஏம்பா பன்னண்டு, அந்தக் கூடைய எடு." "இருபத்தி ரெண்டு வூட்டுல இன்னா கொழம்பு?" ஆய்வில் சேராத ஒருவருக்கு மனசு கேட்கவில்லை. எனக்கும் ஒரு நம்பர் கொடுங்கள், மருந்து வேண்டாம், நம்பர் மட்டும் போதும் என்று வந்து நின்றார்.

அளப்பதற்கு என்னிடம் ஒரு கருவி இருந்தது. பேனா போல இருக்கும். அதன் முனையைத் தோலில் ஒரு நொடி அழுத்தினால் தோலில் எவ்வளவு ஈரம் என்று காட்டும். எல்லோரும் அதைக் கால் மிசின் என்றார்கள். முதல் நாள் உப்புப் பாத்தியிலிருந்து நேரே ஏறி வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்து அளந்தேன். வந்த எண்களைப் பார்த்தால் அங்கே இருந்தவர்களின் குதிகால்தான் உலகத்திலேயே மிருதுவான குதிகால். பச்சைக் குழந்தையின் கன்னம் தோற்றுவிடும். மேடத்துக்குப் போன் செய்தேன். தோலில் உப்பு படிந்திருந்தால் கருவி இப்படித்தான் உளறும் என்றார். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, இருபது நிமிடம் காயவிட்டுப் பிறகு அள என்றார். தினமும் களிம்பு போடுவதற்கு முன்பும் எல்லோரும் அதே போலக் கழுவித் துடைக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார். உப்பளத்தில் நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? கேனில் வரும் குடிதண்ணீர்தான். மேடம் கல்லூரியிலிருந்து கூடுதலாகக் கேன்களுக்கு ஏற்பாடு செய்தார்.

அடுத்த சிக்கல் ஒன்பதாம் எண். பதினேழின் கணவர். உப்பு மூட்டையை இரண்டு இரண்டாகத் தூக்கிப் போகிற பெரிய ஆள், மீசையும் பெரிது. கருவியின் முனை பாதத்துக்குப் பக்கத்தில் வந்தாலே போதும், பத்து வயதுக் குழந்தை மாதிரி சிரித்துத் துள்ளுவார். தொடுவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடும். ஒரு முறை காலை உதறியதில் கேமரா உப்புக் குவியலில் போய் விழுந்தது.

மேடத்திடம் சொன்னேன். மேடம் சின்ன உருவம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை. மருந்துச் சீட்டை வாசிப்பது போலத்தான் எப்போதும் பேசுவார். அவர் பல்லைப் பார்த்த மாணவர் யாரும் இல்லை என்பது கல்லூரியில் பேச்சு. "கூச்சம்கிறது கட்டுப்படுத்தக்கூடிய விஷயம். அவரைக் கட்டுப்படுத்திக்கச் சொல்லு" என்றார்.

சொன்னேன். அதற்கும் சிரித்தார் ஒன்பது. கடைசியில் வழி கண்டுபிடித்தது பதினேழுதான். "இந்தாய்யா, நேத்து கேஸ் புக் பண்ணச் சொன்னனே, பண்ணியா?" என்று ஆரம்பித்தார். ஒன்பதின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. பாதம் கல்லாகிவிட்டது. நான் சட்டென்று அளந்து எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும், "அக்கா, கொஞ்சம் திட்டுங்களேன்" என்பேன். அவரும் சலிக்காமல் வந்து உதவுவார். அவருக்குக் காரணத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. படிவத்தில் 'குறிப்புகள்' என்ற இடத்தில் 'மனைவி திட்டும்போது அளவு எடுக்கப்பட்டது' என்று எழுதினேன். சூழ்நிலையை உள்ளபடி பதிவு செய்ய வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது.

என் கதையையும் சொல்லிவிட வேண்டும். உப்புத் தண்ணீர் படக் கூடாது என்று புதுச்சேரிக்குப் போய் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். வெயிலில் அதற்குள் கால் வெந்து, மூன்றே வாரத்தில் விரலிடுக்கெல்லாம் வெள்ளையாகிப் பிளந்துவிட்டது. நடக்க முடியவில்லை. பதினேழு பூட்ஸைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். பின்னாலிருந்தவர்களைக் கூப்பிட்டு, "வந்து பாருங்கடி, நம்ம காலைப் பாக்க வந்த புள்ளைக்கு நம்மளைவிட மோசம்" என்றார். நாற்பது பேரும் வரிசையாக வந்து என் காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கைப்பேசியில் படம்கூட எடுத்தார். முகம் வராமல்தான் எடுத்தார். அது விதி அல்லவா?

ஆறாவது வாரம் எனக்குச் சந்தேகம் வந்தது. எல்லோருடைய வெடிப்பும் ஆறிக்கொண்டிருந்தது. அது நல்லதுதான். ஆனால் இடது காலும் வலது காலும் ஒரே மாதிரி ஆறிக்கொண்டிருந்தன. ஒருவர் இருவர் என்றால் பரவாயில்லை. நாற்பது பேருக்கும் அப்படித்தான். மேடத்திடம் சொன்னபோது, "மருந்து ஒரு கால்லேர்ந்து இன்னொரு காலுக்கு நடந்து போகாதும்மா" என்றார்.

இன்னொன்றும் இருந்தது. எவ்வளவு களிம்பு செலவாகியிருக்கிறது என்று பார்க்க வாராவாரம் டியூப்களைத் தராசில் வைத்து எடை போடுவேன். இடதும் வலதும் கொஞ்சமாவது வித்தியாசப்பட வேண்டும். எந்த மனிதரும் இரண்டு காலுக்கும் இம்மி பிசகாமல் ஒரே அளவு களிம்பு போட மாட்டார். இவர்களுடைய டியூப்கள் நகைக்கடையில் நிறுத்துக் கொடுத்த மாதிரி சமமாக இருந்தன. அது மட்டுமல்ல, பதினேழின் உள்ளங்கைகள் பளபளவென்று இருந்தன. கையை நாங்கள் ஆய்வில் சேர்க்கவே இல்லை.

அடுத்த வாரம் போக வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே, சொல்லாமல் போனேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. பாத்திகளில் உப்பு மின்னிக் கண்ணைக் கூசவைத்தது. வேலை முடிந்து எல்லோரும் கொட்டகையில் இருந்தார்கள். வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பதினேழு. அவர் மடியில் பெரிய எவர்சில்வர் தூக்கின் மூடி. அதில் வெள்ளை வெளேரென்று களிம்பு. ஒருவர் மாற்றி ஒருவர் தங்கள் டியூபை நீட்ட, அவர் இடதில் ஒரு பிதுக்கு, வலதில் ஒரு பிதுக்கு, பார்த்துப் பார்த்துச் சமமாகப் பிதுக்கிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு விரலால் நன்றாகக் கலக்கி, பிரசாதம் கொடுப்பது போல ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஓர் உருண்டை வைத்தார்.

நான் வாசலில் நின்றேன். எனக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கு வந்தது.

"வா பாப்பா. இன்னிக்கு நீ வர்ற நாள் இல்லியே? சரி, உக்காரு. உனக்கும் கொஞ்சம் தரட்டா? அந்தச் சேத்துப்புண்ணு ஆறிடுச்சா?"

"அக்கா, இன்னாக்கா பண்றீங்க?"

"இன்னா பண்றேன்? களிம்பு குடுக்குறேன்."

"ரெண்டையும் கலக்கக் கூடாதுன்னு படிச்சுக் காட்டினேனே?"

அவர் மூடியைக் கீழே வைத்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. எனக்குப் புரியவைக்க வேண்டுமே என்ற கவலைதான் இருந்தது. "இதோ பாரு. ரெண்டு காலும் ஒரே ஒடம்புலதானே இருக்குது? காலைலேர்ந்து ரெண்டும் ஒண்ணாத்தானே தண்ணில நிக்குது? ஒண்ணுக்கு நல்ல மருந்து தடவிட்டு, இன்னொண்ணுக்குச் சும்மா வெண்ணெயைத் தடவினா அது மனசு இன்னா பாடுபடும்? ஓரவஞ்சனை பண்ணலாமா? எனக்கு ராத்திரி படுத்தா தூக்கம் வர்ல பாப்பா. எந்தக் காலுக்குத் துரோகம் பண்றேன்னும் தெரியல. அதான் கலந்துட்டோம். ரெண்டுக்கும் பாதிப் பாதி."

"எத்தினி நாளா?"

"ரெண்டாவது நாள்லேர்ந்து" என்றார் பன்னிரண்டு.

"எடை?"

"நீ எடை போடுவேன்னு தெரியுமே. கணக்கு தப்பி உனக்கு ஏதும் திட்டு வுழக் கூடாதுன்னுதான் சமமா பிதுக்கறேன். சும்மாவா? கண்ணெல்லாம் வலிக்குது."

மூலையிலிருந்து ஒன்பது மெதுவாக எழுந்து வந்தார். "இவ்ளோ ஆச்சு, நானும் சொல்லிடறேம்மா" என்று தலைத்துண்டை அவிழ்த்தார். வழுக்கைத் தலை. வெயிலில் உப்புக் குவியலைவிட அதிகமாக மின்னியது. "மிச்சம் இருக்குறதை இதுல தடவிக்கினு வர்றேன். இங்க பாருங்க, முடி மொளைக்குது." குனிந்து காட்டினார். நான் பார்த்தேன். எதுவும் முளைக்கவில்லை. ஆனால் தோல் அருமையாக இருந்தது. எதிர்பாராத விளைவுகளை எழுதும் படிவம் ஒன்று உண்டு. அதை எடுத்து, 'தலையில் தடவியுள்ளார். விளைவு: பளபளப்பு' என்று எழுதினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். உண்மையில் அழுகை வந்தது. இத்தனை வார வேலை ஒரு தூக்கு மூடியில் போய்விட்டது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. இரண்டு களிம்பும் சமம் என்று முடிவு வந்துவிடும், யாருக்கும் தெரியாது. பிறகு அந்த முடிவை நம்பி எங்கோ ஒரு மருத்துவர் யாருக்கோ களிம்பு எழுதிக் கொடுப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். நேரே கல்லூரிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மடியில் வைத்த மூடி, வழுக்கைத் தலை, எதையும் விடவில்லை.

மேடம் பேனாவை மூடிவைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரசாதம் மாதிரியா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம் மேடம்."

"நடந்ததை நடந்தபடி எழுது. ஒரு வரி விடாதே. நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாள் மேடம் கஞ்சிப் புடவையோடு ஓலைக் கொட்டகையில் வந்து இறங்கினார். நாற்பது பேரும் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். மேடம் திட்டவில்லை. தரையில் அவர்களோடு உட்கார்ந்தார். "நீங்க ரெண்டையும் கலந்துட்டா, எது வேலை செஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. தெரியலைன்னா, நாளைக்கு வேற ஊர் உப்பளத்துல இருக்கிறவங்களுக்கு உதவாத களிம்பையே மருந்துன்னு குடுத்துடுவேன். அவங்க நம்பித் தடவுவாங்க. அதுக்குதான் தனித்தனியா போடச் சொன்னது" என்றார்.

நாற்பது பேரும் குனிந்து தங்கள் பாதங்களைப் பார்த்தார்கள். பிறகு பதினேழு என்னைப் பார்த்து, "இதை மொதல்லயே இப்டிச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னேனேக்கா. பங்கேற்பாளர் கலத்தல் கூடாதுன்னு படிச்சேனே."

"ஆமா படிச்ச. அந்தப் பங்கேற்பாளர் யாரோ பெரிய ஆளுன்னு நெனச்சோம். அவர் கலக்கக் கூடாதுன்னா அவர்கிட்ட சொல்லு, நமக்கு இன்னான்னு வுட்டுட்டோம். நாங்கதான் பங்கேற்பாளரா?"

மேடத்தின் உதடு லேசாக அசைந்ததை நான் பார்த்தேன். அதற்குள் பதினேழு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "எங்க காலெல்லாம் பாக்குறீங்களே டாக்டரம்மா, உங்க காலைக் காட்டுங்க பாப்போம்."

"என் காலெல்லாம் எதுக்கு?"

"சும்மா ஒரு பேச்சுக்கு. இந்தப் புள்ள காலையும் பாத்தோம்."

மேடம் புடவை ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த ஒரு அசைவு போதும், நாற்பது பேருக்கும் புரிந்துவிட்டது. "காட்டுங்க, காட்டுங்க" என்று ஆரம்பித்தார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் மேடம் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். நான் எண்பது பாதம் பார்த்தவள். அந்த மாதிரிக் குதிகாலைப் பார்த்ததில்லை. கோடையில் காய்ந்த ஏரி.

"அய்யய்யோ" என்று பதினேழு வாயில் கை வைத்தார். "ஏம்மா, நாங்க உப்புத் தண்ணில நிக்கிறோம். நீங்க எதுல நிக்கிறீங்க?"

"வார்டுல" என்றார் மேடம், சின்னக் குரலில். "நேரமே இல்லைம்மா. எல்லாருக்கும் சொல்றேன், நான் தடவறதில்லை."

"மிசின் வெச்சுப் பாத்துடலாம்" என்று ஒன்பது என் பையிலிருந்து கருவியை எடுத்துவிட்டார். இத்தனை வாரம் வேடிக்கை பார்த்ததில் அவருக்கு வேலை நன்றாகத் தெரிந்திருந்தது. பாதத்தைக் கழுவித் துடைத்து, காய்வதற்கு எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்து, முனையை உள்ளங்காலில் வைத்தார். அப்போதுதான் அது நடந்தது. மேடம் வீல் என்று கத்திக் காலை இழுத்துக்கொண்டார். ஒன்பது மறுபடி வைத்தார். மறுபடி கத்தல். சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வர, புடவையெல்லாம் கசங்க, "வேணாம், வேணாம், ப்ளீஸ்" என்று கையை ஆட்டிக்கொண்டே சிரித்தார். கல்லூரியில் யாரும் பார்க்காத அந்தப் பற்களை மரக்காணத்தில் நாற்பத்தியொரு பேர் பார்த்தோம். ஒன்பதுக்கு மட்டும் அவர் மீது பெரிய அனுதாபம். "கஷ்டம்தாம்மா. எனக்குத் தெரியும். இவளை வேணா கொஞ்சம் திட்டச் சொல்லட்டா?"

பதினேழு மேடத்தைத் திட்டினார். எனக்கே பயமாக இருந்தது. "படிச்சவங்க பண்ற வேலையா இது? ஊருக்கெல்லாம் வைத்தியம் பாத்துட்டு ஒங்க ஒடம்பை ஒங்களால பாத்துக்க முடியாதா?" மேடத்தின் சிரிப்பு நின்றது, பாதம் அசையாமல் இருந்தது, அளவு கிடைத்தது. எங்கள் நாற்பது பேரில் யாருக்கும் அவ்வளவு வறட்சி இல்லை. அந்த எண்ணை நான் எங்கும் பதிவு செய்யவில்லை. அவர் ஆய்வில் சேராதவர். தூக்கு மூடியில் மிச்சமிருந்த கலவையைப் பதினேழு மேடத்தின் இரண்டு குதிகாலிலும் சமமாகத் தடவிவிட்டார்.

அந்தச் சுற்றின் முடிவுகள் எதற்கும் பயன்படவில்லை. நடந்ததை உள்ளபடி கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதி அனுப்பினோம். அவர்களிடமிருந்து பதில் வந்தது. எங்கள் விளக்கத்தில் 'ஓரவஞ்சனை' என்று ஒரு காரணம் குறிப்பிடப்பட்டுள்ளது, அது எந்த வகை விதிமீறலில் அடங்கும் என்று தெரிவிக்கவும். மேடம் அந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் உப்பளம் மூடியிருந்தது. அந்த மாதங்களில் ஆய்வை மாற்றி அமைத்தோம். இந்த முறை ஒருவருக்கு ஒரே டியூப், இரண்டு காலுக்கும் ஒரே களிம்பு. காலுக்குக் கால் பேதமில்லை. அப்படியென்றால் ஆளுக்கு ஆள் பேதம் வருமே என்றார் பதினேழு. வெறும் களிம்பு கிடைத்தவர்களுக்கு ஆய்வு முடிந்ததும் மருந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். மேடம் அதை எழுத்திலேயே கொடுத்தார். தகவல் தாளையும் புதிதாக எழுதினோம். கொட்டகையில் உட்கார்ந்து பதினேழு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "உங்களுக்கு ஒரு டியூப் தருவோம். அதுல மருந்தும் இருக்கலாம், வெறும் களிம்பாவும் இருக்கலாம். உங்களுதை நீங்க மட்டும்தான் போடணும். பக்கத்து வூட்டுக்குக் குடுக்கக் கூடாது. மாட்டுக்குப் போடக் கூடாது. தலையில தடவக் கூடாது." கடைசி வரி தேவையா என்று குழுவில் கேட்டார்கள். அது அனுபவத்தில் வந்த வரி, இருக்கட்டும் என்று மேடம் சொல்லிவிட்டார்.

இரண்டாவது சுற்றில் கலப்படமே இல்லை. பதினேழு காவல் இருந்தார். யார் கையாவது அடுத்தவர் டியூப் பக்கம் போனால், "ஏய், வேற ஊர்க்காரங்களுக்கு நீ பதில் சொல்லுவியா?" என்று குரல் வரும். தலைக்குத் தடவ வழியில்லாமல் ஒன்பது தொப்பி போட ஆரம்பித்தார்.

அடுத்த மழை வருவதற்கு முன்னால் உறையைத் திறந்தார்கள். மேடமே கொட்டகைக்கு வந்து சொன்னார். மருந்து போட்டவர்களுக்கு வெடிப்பு கொஞ்சம் கூடுதலாக ஆறியிருந்தது. ஆனால் வெறும் களிம்பு போட்டவர்களுக்கும் நன்றாகவே ஆறியிருந்தது. எல்லோரும் செய்தது ஒன்றுதான். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, எதையாவது தடவி ஈரத்தைப் பூட்டியது. பாதி வைத்தியம் அதிலேயே இருந்திருக்கிறது என்றார் மேடம். உப்பளத்து முதலாளியிடம் பேசிக் கொட்டகைக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்றும் குழாயும் போட வைத்தார்.

பிறகு யாருக்கு எது என்று எண் வாரியாக வாசித்தேன். ஒன்பது, மருந்து. பன்னிரண்டு, மருந்து. பதினேழு, வெறும் களிம்பு.

பதினேழு தன் பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். அந்தச் சுற்றில் யாரையும்விட நன்றாக ஆறியது அவருக்குத்தான். மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். "நல்ல மருந்தைத் தடவிக்கினு இருந்திருக்க. ஒரு வார்த்தை சொன்னியா?"

"எனக்கு மட்டும் தெரியுமா? கம்ப்யூட்டருக்குதானே தெரியும்?"

"ஒண்ணும் பேசாத நீ."

ஒன்பதின் பாதங்கள் அசையாமல் நின்றன. அளப்பதற்கு அருமையான நேரம். அளக்க எதுவும் மிச்சமில்லை.

மேடம் வாக்குக் கொடுத்தபடி மருந்து டியூபை எடுத்து அவரிடம் நீட்டினார். பதினேழு மூடியைத் திருகி முகர்ந்தார். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது வேணாம் டாக்டரம்மா. எனக்கு அந்த வெறும் களிம்பையே குடுங்க. என் காலுக்கு அதுதான் ஒத்துக்கினுது."

மேடம் வாதாடவில்லை. பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்து, வெகு சிரத்தையாக எழுதிக் கொடுத்தார். கொட்டகையில் களிம்பு தீர்ந்திருந்ததால் அன்று மாலை நானும் பதினேழும் கடைத்தெருவுக்குப் போனோம். மருந்துக் கடை வைத்திருந்த பாய் பல வருடம் வளைகுடாவில் மருந்துக் கடையிலேயே வேலை பார்த்துவிட்டு வந்தவர். சீட்டை விளக்குக்கு நேரே பிடித்து இரண்டு தடவை படித்தார்.

"அம்மா, இதுல மருந்துன்னு ஒண்ணுமே இல்லியேம்மா. டாக்டர் எழுத மறந்துட்டாங்களா? போன் பண்ணிக் கேக்கட்டுமா?"

"மறக்கல பாய்" என்றார் பதினேழு. "மருந்து இல்லாததுதான் எனக்கு வேணும். நல்லதாப் பாத்துக் குடுங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் ஏணியில் ஏறி மேல் அலமாரியில் தேட ஆரம்பித்தார்.